35,000 ரூபாய்க்குள் ஒரு கிட்டார் ஆம்ப்: காம்போவா, ஹெட்டும் பாக்ஸுமா, பெடலா?

எந்தக் கிட்டார் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) வாங்கலாம் என்ற ஒரே கேள்வி இரண்டு மாதத்துக்குள் மூன்று பேரிடமிருந்து வந்துவிட்டது. ஒருவர் பர்கூர் பொறியியல் கல்லூரியில் படிக்கும் தம்பி, நண்பர்களோடு பேண்ட் வைத்திருக்கிறார். இன்னொருவர் காவேரிப்பட்டணத்து அண்ணன், பல வருடமாக மெல்லிசைக் குழுவில் வாசிப்பவர். மூன்றாமவர் எலத்தகிரிப் பக்கத்துத் தங்கை, மாதா கோவில் பாடகர் குழுவில் கிட்டார். மூவர் கையிலும் ஏறக்குறைய 35,000 ரூபாய். "எல்லாத்துக்கும் செட் ஆவுற மாதிரி ஒண்ணு சொல்லுண்ணா" என்று தம்பி கேட்டதைத்தான் மற்ற இருவரும் வேறு வார்த்தையில் கேட்டார்கள்.

மூவருக்கும் மூன்று பதில் சொன்னேன். ஏன் என்று விளக்கப் போய் போனில் அரை மணி நேரம் ஆனதால், எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. நாலைந்து ஆம்பை வரிசையாக வைத்து வாசித்துப் பார்த்து வாங்கும் கடை கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ என் கண்ணில் பட்டதில்லை. பெங்களூருக்கு 90 கிலோமீட்டர் போக வேண்டும், இல்லையென்றால் ஆன்லைனில் ஆர்டர் போட வேண்டும். தப்பாக வாங்கினால் திருப்புவதும் அதே தூரம்தான்.

## வாங்கும் முன் கேட்க வேண்டியவை

சத்தம் யார் வழியாக ஜனத்துக்குப் போகிறது? இதுதான் முதல் கேள்வி. பெரும்பாலானவர்கள் இதைக் கேட்பதே இல்லை. மாரியம்மன் திருவிழா மேடையில் உங்கள் கிட்டாரைத் திடலின் கடைசி வரிசைவரை கொண்டு போவது மைக் செட்காரரின் பாக்ஸ்கள். உங்கள் ஆம்ப் உங்களுக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். ஆகவே அங்கே ஆம்பின் பின்பக்கம் லைன் அவுட் (மைக் செட்டுக்கு நேராகக் கேபிள் கொடுக்கும் ஜாக்) இருக்கிறதா என்பதுதான் வாட் கணக்கைவிட முக்கியம். சின்னக் கோவிலிலோ கல்லூரி அறையிலோ நடுவில் மைக் செட் இல்லை. ஆம்பே நேராகப் பேச வேண்டும்.

வாட். 50 வாட்டை 100 வாட் ஆக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபெல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். ஆனால் ஸ்பீக்கரின் விவரத்தாளில் சென்சிடிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்த சத்தம் அது. செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு அது 100 டெசிபெல். ஒரு மலிவு ஸ்பீக்கருக்கு 94 என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 6 டெசிபெல் வித்தியாசம் நான்கு மடங்கு வாட்டுக்குச் சமம். 20 வாட் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்) நல்ல ஸ்பீக்கரில் கொடுக்கும் சத்தத்தை அந்த மலிவு ஸ்பீக்கரில் எடுக்க 80 வாட் ஆம்ப் வேண்டும். கடைக்காரர் வாட்டைக் காட்டி விற்கும்போது ஸ்பீக்கர் என்ன என்று திருப்பிக் கேளுங்கள்.

எதில் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள்? டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்பக்கத்தில் நிற்குமா? ராத்திரி இரண்டு மணிக்குக் கச்சேரி முடிந்து, முதல் பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டர் முகம் சுளிப்பாரா? 12 கிலோ வரை ஒரு கையில் தூக்கலாம். 20 கிலோ தாண்டினால் கூட ஓர் ஆள் வேண்டும். நாலு ஸ்பீக்கர் போட்ட பெரிய பாக்ஸ் 35 கிலோவுக்கு மேல் போகும், அதை இந்தக் கட்டுரையில் பேசவே போவதில்லை.

கரண்ட். திருவிழா என்றாலே ஜெனரேட்டர். சீரியல் செட் மொத்தமும் ஒரே லைனில் தொங்கும். எர்த் என்று ஒரு கம்பியை மண்ணில் செருகியிருப்பார்கள், சில சமயம் அதுவும் இருக்காது. பாடிக்கொண்டே வாசிப்பவர்கள் கவனம்: ஆம்பும் மைக் செட்டும் வேறு வேறு லைனில் இருந்தால், கிட்டார் கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டதும் ஷாக் அடிக்கலாம். ஹம்மிங் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதைச் செய்யாதீர்கள். ஆம்பிலிருந்து மைக் செட்டுக்குப் போகும் கேபிளுக்கு நடுவில் எர்த் பிரிக்கும் சுவிட்ச் உள்ள டிஐ பாக்ஸ் (சிக்னலை மைக் செட்டுக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) ஒன்று போட்டாலே அந்த ஹம்மிங் பெரும்பாலும் போய்விடும்.

ரிப்பேர். டிவி, மிக்ஸி பார்க்கும் நம் ஊர்க் கடைக்காரர் பழைய டிரான்சிஸ்டர் ஆம்பைப் பிரித்துப் பார்த்துவிடுவார். டிஜிட்டல் போர்டு போனால் அவரால் ஒன்றும் ஆகாது.

## முதல் வழி: எல்லாம் உள்ளேயே உள்ள காம்போ

ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். உள்ளே சிப் வைத்துப் பல ஆம்புகளின் சத்தத்தைப் போலச் செய்யும் ரகம். பாஸ் கட்டானா 50 இந்தக் கூட்டத்தில் பெயர் வாங்கியது. 12 அங்குல ஸ்பீக்கர், 12 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே எடை. கரகரப்பில்லாத கிளீன் சத்தத்திலிருந்து கரகரவென்ற கனமான டிஸ்டார்ஷன் வரை ஒரு குமிழில் மாறும். டிலே, கோரஸ், ரிவர்ப் போன்ற எஃபெக்ட்டுகள் எல்லாம் உள்ளேயே. எனக்கு இதில் மிகவும் பிடித்தது பவர் குமிழ்: 50, 25, 0.5 வாட் என்று குறைக்கலாம். ராத்திரி பத்து மணிக்குப் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டாமல் வாசிக்க அந்த அரை வாட் போதும்.

மறைந்திருக்கும் செலவு எங்கே என்றால், கால் சுவிட்ச் தனியாக வாங்க வேண்டும். பாட்டின் நடுவில் குனிந்து குமிழைத் திருப்ப முடியாது என்பதால் அது கட்டாயச் செலவு. ஆழமான செட்டிங் மாற்றக் கம்ப்யூட்டர் வேண்டும். பெரிய சிக்கல் இன்னொன்று: 50 வாட் மாடலின் முதல் இரண்டு தலைமுறைகளிலும் ஹெட்போனுக்கும் ரெக்கார்டிங்குக்கும் ஒரே ஜாக். அதில் கேபிள் சொருகினால் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். மைக் செட்டுக்கு லைன் கொடுத்தால் மேடையில் உங்களுக்குச் சத்தம் இல்லை. அப்போது ஸ்பீக்கர் முன்னால் ஒரு மைக் வைப்பதுதான் வழி. அதற்கென்றே பெயர் பெற்றது ஷூர் எஸ்எம்57, ஆனால் மைக் செட்காரர் கையில் இருக்கும் பாட்டு மைக்கும் மோசமில்லை. துணிக்கு ஒட்டினாற்போல, ஸ்பீக்கர் நடுவிலிருந்து நாலு விரல் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

ஒரே இடத்தில் வாசிப்பவர், ஒயர் ஒயராக இணைத்துக் கொண்டிருக்கப் பொறுமை இல்லாதவர், வீட்டிலும் அதே ஆம்பில் பழகுபவர் இவர்களுக்கெல்லாம் இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

நம் நாட்டு ஸ்ட்ரேஞ்சர், பால்கோ கியூப்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விலை பாதிக்கும் கீழே, மைக்கும் கிட்டாரும் ஒன்றாகச் சொருகலாம். பள்ளி ஆண்டு விழாவுக்கும் பஜனைக்கும் கெட்டிக்காரப் பெட்டிகள். கிட்டாருக்கு மட்டும் என்றால் கிளீன் பரவாயில்லை, டிஸ்டார்ஷனை நம்ப வேண்டாம்.

## இரண்டாம் வழி: சின்ன ஹெட், தனி பாக்ஸ்

எனக்கு மனசு சாய்வது இந்தப் பக்கம் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன்.

ஆரஞ்சு மைக்ரோ டெரர் மாதிரி ஹெட்டுகள் ஒரு டிபன் பாக்ஸ் அளவுதான், எடை ஒரு கிலோவுக்கும் கீழே. முன்பகுதியில் ஒரு வால்வு (பழைய ரேடியோவில் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழாய்), பின்னால் 20 வாட் டிரான்சிஸ்டர் பவர். லேப்டாப் மாதிரி அடாப்டரில் ஓடும். இதனோடு தனியாக ஒரு 12 அங்குல ஸ்பீக்கர் பாக்ஸ். கிட்டார் ஸ்பீக்கர் என்பதே தனி ஜாதி. ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அது தானாகவே அடங்கிவிடும். டிஸ்டார்ஷனின் கரகரப்பை வடிகட்டி நமக்குப் பிடித்த சத்தமாக்குவது அந்த அடக்கம்தான். பேஸ் பாக்ஸில் போடும் வூஃபரை விலை குறைவு என்று இதில் மாட்டினால் சத்தம் வரும், கிட்டார் வராது.

பாக்ஸை வாங்காதீர்கள், செய்துகொள்ளுங்கள். ஸ்பீக்கரை மட்டும் நல்லதாக வாங்குங்கள். விண்டேஜ் 30 கைக்கு எட்டாவிட்டால் செலஸ்டியனின் செவன்ட்டி 80 இருக்கிறது, விலை குறைவு, 80 வாட் தாங்கும். பெட்டிக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட். ஒரு முழு எட்டுக்கு நாலு பலகையில் இரண்டு பாக்ஸ் தாராளமாக வரும், ஒரு நண்பரைக் கூட்டுச் சேருங்கள். அகலமும் உயரமும் ஒன்றரை அடி, ஆழம் ஓர் அடிக்குச் சற்றுக் குறைவு. ஸ்பீக்கர் ஓட்டை 283 மில்லிமீட்டர் விட்டம். மூலைகளில் ஃபெவிகாலும் ஸ்க்ரூவும் சேர்ந்தே போக வேண்டும், ஆணி மட்டும் அடித்தால் மூன்றாம் மாதம் படபடக்கும். பின்பலகையை இரண்டு துண்டாக்கிக் கழற்றும்படி செய்யச் சொல்லுங்கள். மூடினால் அடிச்சத்தம் இறுகி முன்பக்கம் மட்டும் பாயும், ஒரு துண்டைக் கழற்றினால் சத்தம் அறை முழுக்கப் பரவும். ஒரே பாக்ஸில் இரண்டு குணம்.

மேலே ரெக்சின் ஒட்ட எங்கே போவது என்று ஒருவர் கேட்டார். லாரி சீட் தைக்கும் குஷன் கடைகளுக்கு கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் பஞ்சமா? என் பாக்ஸுக்கு அங்கேதான் கறுப்பு ரெக்சின் போட்டேன். "எந்த வண்டி சீட்டு?" என்று கேட்டார் கடைக்காரர். சொன்னதும் சிரித்துவிட்டு, மூலைக்கெல்லாம் தகடு வைத்து அடித்துக் கொடுத்தார். அந்தத் தகடு இன்றுவரை விலகவில்லை.

இனி ஓம் கணக்கு, அதாவது ஸ்பீக்கரின் மின்தடை. ஹெட்டின் பின்னால் குறைந்தபட்சம் 8 ஓம் என்று எழுதியிருந்தால் 8 அல்லது 16 ஓம் பாக்ஸ் போடலாம். 16 போட்டால் சத்தம் சற்றுக் குறையும், கெடுதல் இல்லை. 4 ஓம் போடக் கூடாது. என் நண்பர் ஒருவர் ஒரு கல்யாண மண்டபத்தில் சத்தம் போதவில்லை என்று தன் 8 ஓம் பாக்ஸோடு இன்னொரு 8 ஓம் பாக்ஸையும் பேரலலாக இணைத்தார். இரண்டும் சேர்ந்து 4 ஓம் ஆகிவிட்டது. நலங்குப் பாட்டு முடிவதற்குள் ஹெட் கையை வைக்க முடியாத சூடு, பிறகு மௌனம். இன்னொன்று, ஹெட்டுக்கும் பாக்ஸுக்கும் நடுவில் கிட்டார் கேபிளைப் போடாதீர்கள். பார்க்க ஒரே ஜாக்தான், உள்ளே இருக்கும் கம்பி முடி மாதிரி இருக்கும். 1.5 ஸ்கொயர் எம்எம் வீட்டு ஒயரில் இரண்டு ஜாக் வைத்துப் பற்ற வைத்தாலே போதும்.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். மைக்ரோ டெரரில் ஒரே சேனல், டிலே, ரிவர்ப் எதுவும் கிடையாது, அதற்குப் பெடல்கள் (காலால் தட்டும் எஃபெக்ட் பெட்டிகள்) தனியாகச் சேர்க்க வேண்டும். அந்தச் செலவுதான் ஓசையில்லாமல் வளரும். மைக் செட்டுக்கு நேர் லைன் கிடையாது, மைக் வைத்தே ஆக வேண்டும். ஆனால் ஹெட் பிடிக்கவில்லை என்றால் ஹெட்டை மட்டும் விற்கலாம். ஸ்பீக்கர் கெட்டால் ஸ்பீக்கரை மட்டும் மாற்றலாம். பத்து வருடம் கழித்து எதை வாங்கினாலும் அந்தப் பாக்ஸ் கூடவே இருக்கும்.

## மூன்றாம் வழி: மல்டி எஃபெக்ட் பெடலும் பவர்டு ஸ்பீக்கரும்

ஆம்பே இல்லை. கால் பெடலுக்குள்ளேயே ஆம்ப், பாக்ஸ், மைக் எல்லாமே கணக்காக இருக்கும். அதை ஒரு 10 அங்குலப் பவர்டு ஸ்பீக்கரில் (பவர் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர்) சொருகி, ஸ்பீக்கர் பின்னால் இருக்கும் லிங்க் அவுட்டிலிருந்து மைக் செட்டுக்கு ஒரு கேபிள். மேடையில் உங்கள் காலடியில் நீங்கள் கேட்பதுதான் திடலிலும் கேட்கும்.

மெல்லிசைக்கு இது பொருந்துவதுபோல் வேறு எதுவும் பொருந்தாது. ஒரு ராத்திரியில் முப்பது பாட்டு. எண்பதுகளின் கிளீன் கோரஸ் ஒன்று, அடுத்தது வா பெடல் குத்து, அதற்கடுத்து அழுகிற சோலோ. மூன்றையும் மூன்று எண்ணில் சேமித்துக் காலால் தட்டிக்கொண்டே போகலாம். ஸ்பீக்கரும் வீணாகாது, கீபோர்டுக்கும் பாட்டுக்கும் போகும். கச்சேரி இல்லாத மாதத்தில் பெயர் சூட்டு விழாவுக்கு வாடகைக்கு விட்டு நாலு காசு பார்ப்பவர்களும் உண்டு.

வாங்கியவர்கள் பாதிப் பேர் "சத்தம் நல்லாவே இல்லண்ணா" என்பார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பெடலுக்குள் கேபினட் சிமுலேஷன் என்று, கிட்டார் பாக்ஸின் சத்தத்தைப் போலச் செய்யும் ஒரு பகுதி உண்டு. பவர்டு ஸ்பீக்கருக்கோ மைக் செட்டுக்கோ போகும்போது அது கட்டாயம் ஆனில் இருக்க வேண்டும், இல்லையென்றால் டிஸ்டார்ஷன் பலாப்பழத்தை மொய்க்கும் ஈக்கூட்டம் மாதிரி இரையும். அதே பெடலை நிஜக் கிட்டார் பாக்ஸில் போடும்போது ஆஃப் செய்ய வேண்டும், இல்லையென்றால் போர்வைக்குள் வாசிப்பதுபோல் அடைத்துக்கொள்ளும்.

பவர்டு ஸ்பீக்கரின் அட்டைப்பெட்டியில் 1,000 வாட் என்று பெரிதாக அச்சிட்டிருந்தால் அது கண நேர உச்சம். ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கும் வாட், எவ்வளவு என்று தேடிப் படியுங்கள். பெடலின் 9 வோல்ட் அடாப்டர் தொலைந்தால் கிடைத்ததைச் சொருகாதீர்கள், பெரும்பாலான பெடல்களுக்கு நடுப்பின் மைனஸ். மாற்றிச் சொருகினால் கச்சேரி அங்கேயே முடிந்தது.

## நான்காம் வழி: செகண்ட் ஹேண்ட் வால்வு ஆம்ப்

இது என் சொந்த முட்டாள்தனம். பெங்களூரில் ஒருவரிடம் ஆசைப்பட்டு வாங்கினேன். கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் பின்னால் 120 வோல்ட் என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன், அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டு வந்தது. நம்முடைய 230 வோல்ட்டுக்கு ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர், அது ஒரு ஆட்டுக்கல் எடை. ஒரு திருவிழாவில் ஜெனரேட்டர் எகிறியதில் ஃபியூஸ் போனது, அதன் பிறகு ஸ்டெபிலைசர். அடித்து வாசித்தால் ஒன்றிரண்டு வருடத்தில் பவர் வால்வு மாற்ற வேண்டும். பாக்ஸ் இணைக்காமல் ஆன் செய்து வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம், ஓமும் மிகச்சரியாகப் பொருந்த வேண்டும்.

சத்தம்? அருமை. மறுக்கவில்லை. விரலின் அழுத்தத்துக்கு அது பதில் சொல்கிற விதம் வேறு. ஆனால் வால்வு இல்லாவிட்டால் நல்ல சத்தமே இல்லை என்று யாராவது சொன்னால், 1975இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 பற்றிச் சொல்லுங்கள். அதில் ஒரு வால்வுகூடக் கிடையாது, இன்றைக்கும் கிளீன் சத்தத்துக்கு அதைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள். 35,000 ரூபாயில், இதுவே ஒரே ஆம்ப் என்ற நிலையில், வால்வு வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | காம்போ | ஹெட் + செய்த பாக்ஸ் | பெடல் + பவர்டு ஸ்பீக்கர் | பழைய வால்வு |
|---|---|---|---|---|
| மைக் செட்டுக்கு லைன் | மாடலைப் பொறுத்தது | மைக் வைக்க வேண்டும் | மிகச் சுலபம் | மைக் வைக்க வேண்டும் |
| வீட்டில் மெதுவாக | மிக நன்று | சுமார் | ஹெட்போனில் நன்று | கஷ்டம் |
| எக்ஸ்எல்லில் போகுமா | போகும் | போகும், பாக்ஸைக் கட்ட வேண்டும் | போகும் | ஆட்டோ பிடியுங்கள் |
| ஜெனரேட்டர் கரண்ட் | பரவாயில்லை | பரவாயில்லை | பரவாயில்லை | பயம் |
| மறைந்த செலவு | கால் சுவிட்ச் | பெடல்கள் | கேபிள், டிஐ பாக்ஸ், பழகும் நேரம் | வால்வு, ஸ்டெபிலைசர் |
| பகுதி பகுதியாக மாற்ற | முடியாது | முடியும் | முடியும் | ஓரளவு |

## மூவருக்கும் சொன்னது

காவேரிப்பட்டணத்து அண்ணனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் வழி. மைக் செட்காரரோடு மல்லுக்கட்டுவது அவருக்கு வாரம் தவறாத வேலை, ஒரு லிங்க் கேபிளில் அது முடிந்துவிடும். கையில் ஏற்கெனவே ஒரு பழைய பெடல் இருக்கிறது என்றார். அப்படியானால் முதலில் ஸ்பீக்கரை மட்டும் வாங்குங்கள், பெடலை அடுத்த சீசனுக்குத் தள்ளுங்கள் என்றேன்.

பர்கூர்த் தம்பிக்கு ஹெட்டும் பாக்ஸும். அவர்கள் வாசிப்பது கனமான டிஸ்டார்ஷன், எதிரே டிரம்ஸ், வயசு இருபது, தூக்க நாலு பேர். பணம் மொத்தமாகச் சேரவில்லை என்றாலும் பாக்ஸை இந்த செமஸ்டர், ஹெட்டை அடுத்த செமஸ்டர் என்று போகலாம். நாலு பேரில் ஒருவர் மெக்கானிக்கல் படிக்கிறாராம். பெட்டியின் படத்தை அளவோடு வரைந்து மறுநாளே அனுப்பிவிட்டார், என்னுடையதைவிட ஒழுங்காக இருந்தது.

தங்கைக்குக் காம்போ. ஒரே கோவில், ஒரே மூலை, ஞாயிறு பூசைக்கு முன் பத்து நிமிடத்தில் தயாராக வேண்டும். கிளீனும் கொஞ்சம் டிலேயும் போதும். வாங்கி முதல் ஞாயிறே போன் வந்தது. சத்தம் அருமையாம், ஆனால் பங்குச் சாமியார் பீடத்திலிருந்தே கையைத் தாழ்த்திக் காட்டிவிட்டாராம். பவர் குமிழ் எதில் இருக்கிறது என்று கேட்டேன். ஐம்பதில். அரை வாட்டில் வைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.